பள்ளத்தில் இறங்கும் டயர்

மதுரை தெப்பக்குளத்தைத் தாண்டி ரிங் ரோட்டை நோக்கிப் போகும் வழியில் இருக்கிறது அந்தப் பஞ்சர் கடை. தகரக் கூரை, ஒரு கம்ப்ரஸர், தண்ணீர்த் தொட்டி, அடையாளத்துக்கு வாசலில் நட்ட பழைய டயர். டயர் மாட்டும் மெஷின் கிடையாது. இரண்டு லெவர், இரண்டு முழங்கால், அவ்வளவுதான்.

நான் போனபோது பழைய புல்லட்டின் பின் சக்கரம் கடைக்கார அண்ணன் முன்னால் கிடந்தது. 3.25-19 டயர், ஸ்போக்ஸ் கம்பி வைத்த ரிம், உள்ளே ட்யூப். புது டயரை முன்பே வெயிலில் போட்டிருந்தார். ரப்பர் இளகினால் பாதி வேலை முடிந்த மாதிரி. ரிம்மின் துருவைச் சுரண்டி, கம்பி முனை ட்யூபைக் குத்தாமல் நாடாவைச் சுற்றினார். பக்கவாட்டில் இருந்த அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசைக்கு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

முதல் விளிம்பு சோப்புத் தண்ணீரில் வழுக்கி, காலால் மிதித்ததுமே ஏறிவிட்டது. பிறகு பவுடர் தடவிய ட்யூபில் கொஞ்சம் காற்றடித்து உள்ளே வைத்தார். காற்றே இல்லாமல் தொங்கினால் லெவருக்கும் ரிம்முக்கும் நடுவில் மாட்டிக் கிழிந்துவிடும்.

இரண்டாவது விளிம்பில்தான் வித்தை. வால்வுக்கு நேர் எதிரே தொடங்கி வால்வு பக்கம் முடிக்க வேண்டும். உதவிக்கு இருந்த பையன் லெவரில் ஏறி நிற்காத குறையாக அழுத்தினான்.

"பலத்தக் காட்டாதடா. இறுகுதுன்னா எதிர்ப்பக்கம் மேல ஏறிருச்சுன்னு அர்த்தம்" என்று அண்ணன் அந்தப் பக்கத்தை முழங்காலால் அமுக்கினார். அடுத்த நெம்பில் விளிம்பு தானாக உள்ளே போனது.

டயர் விளிம்புக்குள் இருப்பது எஃகுக் கம்பி, இழுத்தால் நீளாது. ரிம்மின் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. ஒரு பக்க விளிம்பு அதில் இறங்கினால்தான் மறுபக்கத்துக்கு இடம் கிடைக்கும். கம்பி விளிம்பையும் பள்ள ரிம்மையும் 1890-இல் சேர்த்து யோசித்தவர் இங்கிலாந்தின் சார்லஸ் வெல்ச். அண்ணனுக்கு அந்தப் பெயர் தெரியாது, பள்ளம் தெரியும்.

மாட்டியதோடு எழுந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அண்ணன் வால்வு பின்னைக் கழற்றிவிட்டுக் காற்றை ஏற்றினார். விரல்களை விளிம்பிலிருந்து எடுத்துக்கொண்டார். 'டப்' என்று ஒரு பக்கம் அமர்ந்தது. மறுபக்கம் ஓரிடத்தில் அடம்பிடித்தது. டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். இங்கே உள்ளுக்குள் போயிருந்தது. அதற்கு மேல் காற்றேற்றவில்லை அவர். 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் விளிம்பு அறுந்து டயர் வெடிக்கலாம். முழுவதும் இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் விட்டு, தரையில் தட்டி, மறுபடி ஏற்றினார். அமர்ந்தது. பின்னைப் போட்டு, வண்டிக்குரிய அளவில் நிறுத்தினார்.

இதற்குள் ஒரு கல்லூரிப் பையன் பாதி மாட்டிய சக்கரத்தோடு வந்து நின்றான். வீட்டில் வீடியோ பார்த்து, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியிருக்கிறான். ட்யூபில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை. அண்ணன் சிரிக்கவில்லை. லெவரை அவன் கையிலேயே கொடுத்து, எங்கே முழங்காலை வைக்க வேண்டும் என்று காட்டினார். அவனே மாட்டி முடித்துவிட்டு, "அண்ணே, ட்யூப் காசு மட்டும்தானே?" என்றான்.

"சொல்லிக் குடுத்ததுக்கு யாரு தருவா?" என்று கூலியையும் சேர்த்தே வாங்கிக்கொண்டார்.