ஏற்பி ஊற்றாத குழி

மேக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல் எதையும் விழுங்கிவிடும். கொலஸ்டிராலிடம் மட்டும் அதன் ஜம்பம் பலிக்காது. கொலஸ்டிராலின் வளையக் கட்டமைப்பை உடைத்துச் செரிக்க அதற்கு வழியில்லை. எண்ணெய்த் துளிகளாகச் சேர்த்துவைத்து நுரைசெல்லாக ஊதிப்போகும், அல்லது வெளியே தள்ளும். தள்ளும் வாசல்களில் முக்கியமானது ஏபிசிஏ1 என்ற புரதம். வாசலில் வந்து வாங்கிக்கொண்டு போகும் ஏற்பி, ஏபோ ஏ-1.

ஒரு மருந்து இந்த வாசலைத் திறக்கிறதா, சாத்துகிறதா என்று அளப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. டிஎச்பி-1 என்ற மனிதச் செல்களைத் தட்டின் குழிகளில் இட்டு, பிஎம்ஏ என்ற வேதிப்பொருள் கொடுத்து மேக்ரோபேஜாக்கி, கதிரியக்க டிரைட்டியம் ஏற்றிய கொலஸ்டிராலை ஊட்டி, மருந்து போட்டு, ஏபோ ஏ-1 ஊற்றிக் காத்திருப்போம். செல்லைச் சுற்றியுள்ள மீடியத்துக்கு வந்த கதிரியக்கக் கவுண்ட்டை மொத்த கவுண்ட்டால் வகுத்தால் சதவீதம். எளிய கணக்கு, அதனாலேயே ஏமாற்றும் கணக்கு.

சேர்ந்த புதிதில் ஒரு சேர்மம் எனக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளியேற்றம் காட்டியது. வரைபடத்தோடு ஆய்வகத் தலைவியான மேடத்திடம் ஓடினேன்.

"அது இருக்கட்டும். ஏற்பி ஊற்றாத குழியில எவ்வளவு வந்தது?"

பார்த்தேன். வாங்கிக்கொள்ள ஆளே இல்லாத அந்தக் குழியிலும் கவுண்ட் எகிறியிருந்தது. வாசல் திறக்கவில்லை, சுவர் இடிந்திருந்தது. சேர்மம் செல்களைக் கொன்று, அவை தட்டிலிருந்து உரிந்து மீடியத்தில் மிதந்திருக்கின்றன. அன்றிலிருந்து என் நோட்டில் முதல் பத்தி ஏற்பி இல்லாத குழிக்குத்தான்.

ஏற்பி ஊற்றும் முன் செல்களைக் கழுவுவதும் கை பழக வேண்டிய வேலை. சீரம் மிச்சமிருந்தால் அதிலுள்ள எச்டிஎல் சத்தமில்லாமல் கொலஸ்டிராலை வாங்கிக்கொள்ளும். அழுத்திக் கழுவினால் செல்லே போய்விடும். வெதுவெதுப்பான பஃபரைக் குழியின் சுவரோரமாக வழியவிட வேண்டும். மருந்தைக் கரைத்த டிஎம்எஸ்ஓ, மருந்தில்லாத குழிக்கும் அதே அளவு போக வேண்டும். எந்தச் செல் என்பதும் முக்கியம்: எலியின் ஜே774 செல்லில் சைக்ளிக் ஏஎம்பி ஏபிசிஏ1-ஐத் தூண்டும். மனிதச் செல்லில் அந்த வித்தை நடக்காது.

டி0901317 என்ற சேர்மம் எல்எக்ஸ்ஆர் என்ற புரதத்தைத் தூண்டி ஏபிசிஏ1 உற்பத்தியைப் பெருக்கும். தட்டில் அற்புதம். உடம்பில் அதுவே கல்லீரலின் கொழுப்பு உற்பத்தியையும் முடுக்கிவிடும். மருந்தாகாமல் போனதற்கு அது போதும். ஸ்டாடின் நேரெதிர்: கொலஸ்டிரால் ஊட்டாத மனித மேக்ரோபேஜில் ஏபிசிஏ1-ஐக் குறைக்கும், நோயாளிக்கோ நல்லது செய்யும். ரத்தத்தில் எல்டிஎல் குறைந்தால் விழுங்கும் சரக்கே குறைகிறதே.

வாசலே பழுதானால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிலுள்ள டாஞ்சியர் தீவு காட்டியது. அங்கே கண்டறியப்பட்ட நோயில் டான்சில் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது; எச்டிஎல் அநேகமாக இல்லை. காரணம் ஏபிசிஏ1 மரபணு என்று 1999-ல்தான் தெரிந்தது.

என்னை இன்னும் உறுத்துவது புரோபுகால் என்ற மருந்து. ஏபிசிஏ1 வாசலைச் சாத்தும், எச்டிஎல்லை இறக்கும். ஆனாலும் பரம்பரைக் கொலஸ்டிரால் நோயாளிகளின் தசைநாண்களில் திரண்ட கொழுப்புக் கட்டிகள் இதைச் சாப்பிட்டுச் சுருங்கியிருக்கின்றன. தட்டை மட்டும் நம்பியிருந்தால் இதை முதல் நாளே குப்பையில் போட்டிருப்பேன். இப்போது வாசலைச் சாத்திப் பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு தட்டிலும் நான்கு குழிகளில் புரோபுகால் போடுகிறேன்.