மரத்தின் மீது குற்றமில்லை

சுங்கை சிப்புட்டுக்கு அருகில் இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன் நான். என் தாயார் அங்கே பால்வெட்டுத் தொழிலாளி. கையெழுத்திடவும் அறியாத அவரிடம் கற்ற பாடம் ஒன்றை, பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எந்த நூலிலும் நான் காணவில்லை. அந்தப் பாடத்திற்கான விலையை அவரே கொடுத்தார் என்பதை இன்றுவரை எவரிடமும் கூறியதில்லை.

பால்மரத்தின் பட்டைக்குள் மெல்லிய பால்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. விடியற்காலையில் அவற்றினுள் இருக்கும் அழுத்தம், நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்காகும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கும், அழுத்தமும் குறையும். அதனால்தான் நம் மக்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருளிலேயே நிரைக்குள் நுழைந்தனர்.

கனடா நாட்டில் மேப்பிள் மரத்துச் சாற்றை, மரத்துக்கு மரம் குழாய் பூட்டி வெற்றிடப் பொறியால் உறிஞ்சி எடுக்கின்றனர். சாறு குறைந்தால் அவர்கள் மரத்தைக் குறைகூறுவதற்கு முன், இணைப்பு கழன்றோ அணில் கடித்தோ குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறதா என்று தேடுகின்றனர். பால்மரத்திற்கு அத்தகைய பொறி வேண்டியதில்லை. அது தானே பாலைத் தள்ளித் தரும். எனினும் கோளாறு தேடும் முறை ஒன்றே.

மங்கில் பால் விழாவிட்டால் என் தாயார் உடனே கத்தியை எடுக்கமாட்டார். முதலில் மங்கு சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்து, பாலை மங்குக்குள் வழியவிடும் தகரத் துண்டைத் தொட்டுப் பார்ப்பார். பிறகு வெட்டுக்கோட்டை நோக்குவார்: பழைய கோட்டுப்பால் உரிக்கப்படாமல் ஒட்டியிருக்கிறதா? இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் சரிவு சரியாக உள்ளதா? பட்டை மழையில் நனைந்திருக்கிறதா? இவை அனைத்தும் சரியாக இருந்தும் கோட்டில் பால் துளிர்க்காவிட்டால்தான், "மரம் களைச்சுப் போச்சு" என்பார். அளவுமீறி வெட்டப்பட்ட மரம் வறண்டு போவதுண்டு. அதற்கு அவர் அறிந்த மருந்து ஓய்வு ஒன்றே.

1981ஆம் ஆண்டின் இறுதி விடுமுறை. எனக்கு வயது பன்னிரண்டு. தாயாருக்குத் துணையாக நிரைக்குச் சென்றிருந்தேன். அவர் வெட்டிவிட்டு முன்னே சென்ற மரங்களில் ஒன்றன் மங்கு வெறுமையாக இருந்தது. அவர் ஆழமாக வெட்டவில்லை போலும் என்று எண்ணினேன். வாளியில் கிடந்த பழைய கத்தியை எடுத்து, அதே கோட்டில் வைத்து அழுத்தி இழுத்தேன்.

தேர்ந்த கை, உள்ளே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு நின்றுவிடும். அதற்கப்பால் மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் உள்ளது. அது அறுபட்டால் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும்; பின்னர் அங்கே செம்மையாக வெட்ட இயலாது. என் கத்தி அப்படலத்தைக் கிழித்துக் கட்டையைத் தொட்டது.

தாயார் திரும்பி வந்தார். காயத்தை ஒருமுறை பார்த்தார். குனிந்து விளக்கொளியை மரத்தின் அடியில் செலுத்தினார். கழன்று தொங்கிய தகரத்தின் பின்புறமாகப் பட்டையோடு பட்டையாக வழிந்த பால், வேரடி மண்ணை வெளுக்க வைத்திருந்தது.

"பால் வராம இல்ல தம்பி. வந்த பாலு மங்குக்கு வந்து சேரல," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கங்காணி அந்தக் காயத்தைக் கண்டுபிடித்தார். "யார் போட்டது இது?" என்று அதட்டினார். "என் கைதாங்க ஐயா, தவறிப் போச்சு," என்றார் தாயார். தம் வெட்டுச் சுத்தத்தில் பெருமை கொண்டிருந்த அவருடைய பெயர் காயக் கணக்கில் ஏறியது. அவர் முதுகுக்குப் பின்னால் நான் வாய் திறவாமல் நின்றேன்.

ஆண்டுகள் பல கழித்து, ஆசிரியனாகிய நான் அதே தவற்றை மீண்டும் செய்தேன். மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவனின் கணக்குத் தாள் எப்போதும் வெறுமையாகவே வந்தது. கடிந்தேன், இரு மடங்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். மாதங்கள் சென்றபின் ஒருநாள் வினாவை நானே வாசித்து, வாய்மொழியாக விடை கேட்டேன். தயங்காமல் சொன்னான்! அவனுக்குக் கணக்கு வந்தது. வினாவை வாசிக்கத்தான் வரவில்லை. வேரடியில் வெளுத்திருந்த மண் என் கண்முன் வந்தது. அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்பித்தேன். தாள் சிறிது சிறிதாக நிறைந்தது. ஆனால், அதுவரை நான் வைத்த காயங்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்று தலைமையாசிரியனாக, புதிதாக வரும் ஆசிரியர்களிடம் ஒன்றைத்தான் வேண்டுகிறேன்: பிள்ளையைக் கடிவதற்கு முன் மங்கையும் தகரத்தையும் பாருங்கள். கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, காலையில் உண்டானா, வினா விளங்கிற்றா?

1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளுள் ஒன்று முதுமரமாக இன்றும் நிற்கிறது. நான் காயப்படுத்திய மரமோ இல்லை. அத்தோட்டம் முழுவதும் செம்பனையாகிவிட்டது. தாயாரும் மறைந்துவிட்டார். கங்காணியின் வினாவுக்குரிய விடையை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தாமதித்து இங்கே எழுதுகிறேன்: அந்தக் காயம் நான் போட்டது.