எதுவும் நடக்காத நாட்களின் படம்

அன்புள்ள அக்கா,

பத்தாம் வகுப்புப் பரீட்சையை வைத்துக்கொண்டு உன் மகன் செல்போனில் ஜப்பான் பொம்மைப் படம் பார்க்கிறான் என்று வருத்தப்பட்டாய். அதிலும் ஒரு சண்டை கிடையாது, பேய் கிடையாது. நாலு பிள்ளைகள் வரப்பில் நடக்கிறார்கள், குளத்தைப் பார்க்கிறார்கள், மழை வந்தால் நனைகிறார்கள், இதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. நாம் ராமநாதபுரத்து உச்சிப்புளியில் பிறந்தவர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதத் தோன்றுகிறது.

அவன் பார்ப்பது ‘நோன் நோன் பியோரி’. அத்தோ என்ற ஓவியர் 2009-இல் தொடங்கிய சித்திரக்கதை அது. 2013-இல் தொலைக்காட்சித் தொடரானது. 2021 வரை மூன்று பருவங்கள் வந்தன. மலையடிவாரத்தில் ஒரு கிராமம். பஸ் எப்போதாவதுதான் வரும். பள்ளிக்கூடத்தில் மொத்தமே ஐந்து பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் ஒரே அறையில். டீச்சர் பாதி நேரம் மேசையில் தலைசாய்த்துத் தூங்கிவிடுவார். அந்த ஐவரில் ஒருத்தி டோக்கியோவிலிருந்து புதிதாக வந்து சேர்கிறவள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை ரெங்கேவுக்கு அப்போதுதான் சந்தேகம் வருகிறது, நாம் இருப்பது பட்டிக்காடா என்று. கதை இவ்வளவுதான்.

முதல் பருவத்தின் நான்காம் பகுதியை நீயும் அவனோடு உட்கார்ந்து பார். கோடை விடுமுறை. பாட்டி வீட்டுக்கு வந்த வெளியூர்ச் சிறுமி ஒருத்தி ரெங்கேவுக்குத் தோழியாகிறாள். சில நாள் ஓடி விளையாடுகிறார்கள். ஒருநாள் அவளைத் தேடி ரெங்கே அந்த வீட்டுக்குப் போகிறாள். அப்பாவுக்கு வேலை வந்துவிட்டது, கிளம்பிப் போய்விட்டார்கள் என்கிறார் பாட்டி. அந்த இடத்தில் படம் அப்படியே நிற்கிறது. ரெங்கேவின் முகம் மட்டும். இசை இல்லை, வசனம் இல்லை. பார்ப்பவருக்கே சங்கடமாகும் அளவுக்கு நேரம் போகிறது; அதற்குப் பிறகுதான் அந்தச் சின்னக் கண்களில் நீர் மெல்ல ஊறுகிறது. நம் சீரியலில் இதற்கு இடி இடித்து மூன்று பக்கமும் கேமராவைச் சுழற்றியிருப்பார்கள். மே மாதம் முடிந்து மெட்ராஸ் சித்தி பிள்ளைகள் ரயிலேறிப் போனபின் நாம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தோமே, அதை இவ்வளவு மரியாதையாக யாரும் எனக்குத் திரையில் காட்டியதில்லை.

நான் இருக்கும் டோக்கியோவின் எதொகாவா பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. காலையில் ஏறும் தோசாய் ரயில் டோக்கியோவின் மிக நெரிசலான தடங்களில் ஒன்று. கையைத் தூக்கிப் போனைப் பார்க்கக்கூட இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் நசுங்கிப்போய் வீடு திரும்புகிற ஜப்பான்காரர்கள்தான் இரவில் இப்படிப்பட்ட தொடர்களைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். அவர்களில் பலருக்குச் சொந்த ஊரில் ஒரு வீடு பூட்டிக் கிடக்கும். 2023 கணக்கெடுப்பில் ஜப்பான் முழுக்க ஆளில்லாத வீடுகள் 90 லட்சம். பிள்ளைகள் குறைந்து மூடப்பட்ட கிராமப் பள்ளிகளும் ஏராளம். ரெங்கேவின் பள்ளிக்கு மாதிரியாக இருந்ததே சைத்தாமா மாநிலத்தில் மூடிக் கிடந்த ஒரு பழைய மரக்கட்டடம்தான்.

கிராமத்தில் எல்லாம் அமைதி, எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்லும் கதை எனக்கும் அலுக்கும். இந்த வகைக்கு முன்னோடி என்று நான் வைக்கிற படம் அப்படிச் சொல்வதில்லை. இசாவோ தகாஹாதா 1991-இல் எடுத்த ‘ஒமோய்தே போரோபோரோ’. டோக்கியோ அலுவலகத்தில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண் தாயெகோ, லீவு போட்டுவிட்டு யமகதாவுக்குக் குசும்பாப் பூ பறிக்கப் போகிறாள். பனியில் முள் இளகியிருக்கும் விடியற்காலையில்தான் பறிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வெறுங்கையால் பறித்து ரத்தம் கசிந்த பெண்களுக்கு, அந்தப் பூவிலிருந்து எடுத்த சிவப்புச் சாயத்தை உதட்டில் பூசும் யோகம் வாய்த்ததில்லை என்று படம் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறது. இன்னொரு இடத்தில் தாயெகோ காட்டையும் ஓடையையும் பார்த்து வியக்க, உள்ளூர் இளைஞன் ஒருவன், இதெல்லாம் தானாக வந்த இயற்கை இல்லை, தலைமுறை தலைமுறையாகச் சம்சாரிகள் மண்ணோடு மல்லுக்கட்டி உண்டாக்கியது என்று விளக்குகிறான்.

அந்தக் காட்சியில் எனக்கு நம் கண்மாய்கள்தான் ஞாபகம் வந்தன. அதிகாரிகளை மிரட்ட ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்’ என்பார்கள். அந்தக் காடு நம் ராமநாதபுரம். வற்றாத ஆறு ஒன்று கிடையாது. வைகைகூட மிச்சம் மீதியோடு ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்கிற ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையை வருடம் முழுக்க வைத்துக்கொள்ள நம் ஆட்கள் கரை போட்டார்கள், மடை வைத்தார்கள், ஒரு கண்மாயின் கலுங்கில் வழிவது அடுத்த கண்மாய்க்கு ஓடும்படி கால் வெட்டினார்கள். மழை பெய்து கண்மாய் பெருகினால் முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் நாரையும் கூழைக்கடாவும் வந்து கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. இந்த இரண்டு கண்மாய்களும் 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. ஆள் வெட்டிய குளத்தில் பறவை குடியிருக்கிறது. யமகதா இளைஞன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை இங்கே பொருந்தும்.

நம் ஊர் சினிமாவில் வரும்போதெல்லாம் அரிவாளோடு வருகிறது, இல்லாவிட்டால் வெடித்த நிலத்தோடு. தனுஷ்கோடி என்றால் 1964 டிசம்பர் புயலும் இடிந்த தேவாலயமும்தான். அவை நடந்தவை, மறக்கக்கூடாதவை. ஆனால் வருடத்தின் மற்ற நாட்களை யாராவது படம் பிடித்தார்களா? உச்சிப்புளியில் நின்றால் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். வாடை எடுத்தால் வடகடல் புரளும், தென்கடல் படுத்துவிடும்; கச்சான் வீசினால் தலைகீழ். எந்தக் கடலுக்கு இன்று போகலாம் என்று காற்றைப் பார்த்து முடிவு செய்யும் ஊர்கள் இவை. ஒரு தொடரின் ஒரு பருவம் முழுக்க இந்தக் காற்று மாறுவதையே வைத்து ஓட்டலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மண்டபத்திலும் ராமேஸ்வரத்திலும் படகுகள் கரையேறிவிடும். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், வலை பொத்துவார்கள், பலகைக்குச் சாயம் அடிப்பார்கள். பிள்ளைகளுக்கும் அதே நேரம் பள்ளி லீவு. நுங்குக் காலமும் அதுதான். தின்று போட்ட நுங்குக் கூந்தலைக் கவைக்குச்சியில் கோர்த்து வண்டி ஓட்டிக்கொண்டு தெருத் தெருவாகத் திரியலாம். கடன் வட்டி ஏறுகிற காலமும் அதுவே. அப்பா அடிக்கடி வாசலில் போய் நிற்பதிலிருந்து பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். அதையும் வரைய வேண்டும்.

பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பாசிக்காரப் பெண்களைத்தான் நான் முதலில் வரையச் சொல்வேன். கண்ணுக்குக் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் பை, துடுப்புபோல் தண்ணீரைத் தள்ளக் காலில் கட்டிய தகரத் தட்டு. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருவார்கள். ஜப்பானில் மியே கடற்கரையில் இப்படி முங்கும் ‘அமா’ பெண்களுக்கு அருங்காட்சியகமே இருக்கிறது. நம் பெண்கள் எடுக்கும் பாசியிலிருந்து வரும் அகர் எங்கெங்கோ மிட்டாயாகவும் மருந்தாகவும் போகிறது. குசும்பாப் பூ பறித்தவர்கள் கதைதான் இவர்களுடையதும். இவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்: மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவது, மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் 45 நாள் அடியோடு நிறுத்துவது. இதற்கு முன்னின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்கு முங்குகிறவர்களே கடலுக்கு லீவு விடுகிறார்கள் என்றால், நிதானத்தைப் பற்றி நமக்கு வேறு யார் வந்து சொல்ல வேண்டும்?

நோன் நோன் பியோரியை முடித்ததும் அவனை ‘பாரகாமோன்’ பார்க்கச் சொல். 2014-இல் வந்த தொடர். நாகசாகிக்கு மேற்கே கோத்தோ தீவுகளில் நடக்கிறது. மீன்பிடிக்கிற ஊர் என்பதால் நமக்கு இன்னும் நெருக்கம். உன் எழுத்து பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது என்று சொன்ன பெரியவரை அடித்துவிட்டு, அப்பா அனுப்பி அங்கே வந்து சேரும் இளம் எழுத்துக்கலைஞன் ஹாந்தாவின் கதை. சூரியன் விழுவதைப் பார்க்க வேண்டுமானால் இந்தச் சுவரில் ஏறித்தான் ஆக வேண்டும் என்று ஒன்றாம் வகுப்புச் சிறுமி நாரு அவனைக் கடற்சுவர் ஏற வைக்கிறாள். கதையை எழுதிய யோஷினோ சத்ஸுகி அந்தத் தீவுக்காரர். நாருவுக்குக் குரல் கொடுத்ததும் ஒரு நிஜச் சிறுமி. பேசுவது கோத்தோ வட்டாரப் பேச்சு. டோக்கியோக்காரருக்குப் புரியாதே என்று யாரும் அதைச் சலவை செய்யவில்லை. ஷின்சானைத் தமிழில் இவ்வளவு ரசித்த நம் பிள்ளைகளுக்கு, தங்கள் சொந்தப் பேச்சைத் திரையில் கேட்க ஆசை இருக்காதா? பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ ஒரு பிள்ளை நாளைக்கு இப்படி ஒரு தொடர் வரைந்தால், அதில் வரும் குழந்தை அப்பத்தாவை அப்பத்தா என்றே கூப்பிட வேண்டும். படகு கரை தட்டியதும் ஓடிப்போய், ‘இன்னைக்குப் பாடு எப்படிப்பா?’ என்றுதான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் தம்பி