புள்ளியில்லாத கடிதம்

நான் எட்டாம் வகுப்பில் பயின்ற ஆண்டு அது. என் தந்தையார் சித்தூர் இரயில் நிலையத்தில் பணியாற்றி வந்தார். வேலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பணிமாற்றத்தின் காரணமாக நாங்கள் அங்குக் குடியேறியிருந்தோம். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் தெலுங்கும், வீட்டில் தமிழும் என் நாவில் புழங்கின. பள்ளியில் தமிழை விருப்பப் பாடமாக எடுத்திருந்தேன். ஆயினும் அதில் எனக்கு விருப்பம் இருக்கவில்லை.

ஊரிலிருந்து பாட்டி மாதம் ஒரு கடிதம் எழுதுவார். அதை என்னால் படிக்க இயலாது. அவர் எழுத்துகளுக்குப் புள்ளி வைப்பதே இல்லை. 'வந்தான்' என்பது அவர் கையில் 'வநதான' என்றாகிவிடும். அப்பாதான் படித்துவிட்டு, "பாட்டி நலம், உன்னைக் கேட்டிருக்கிறார்" என்று சுருக்கமாகச் சொல்வார்.

"பாட்டிக்கே தமிழை ஒழுங்காக எழுதத் தெரியவில்லை. நான் மட்டும் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று ஒருநாள் கேட்டேன். தமிழ்ப் பாடத்தை விட்டுவிட விண்ணப்பம் எழுதி அப்பாவின் முன் வைத்தேன். அவர் கையொப்பம் இடவும் இல்லை; மறுக்கவும் இல்லை. "சனிக்கிழமை அக்காவைப் பார்க்கத் திருப்பதிக்குப் போகிறோம். திரும்பி வந்து முடிவு செய்வோம்" என்றார்.

அக்கா திருப்பதியில் திருவேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் முதுகலை பயின்று கொண்டிருந்தாள். காட்பாடியிலிருந்து வந்த இரயிலில் ஏறினோம். பாகாலாவும் சந்திரகிரியும் கடந்ததும் திருமலையின் சிவந்த பாறைச் சுவர் தெரிந்தது. அம்மலையடிவாரத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் பரப்பில் விரிந்து கிடக்கிறது அப்பல்கலைக்கழகம்.

"ஆந்திர மாநிலம் 1953இல் பிறந்தது. மறு ஆண்டே இப்பல்கலைக்கழகம் தோன்றிவிட்டது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் தங்குதூரி பிரகாசம்" என்றார் அப்பா. "அதற்கு முன் சித்தூர் எங்கே இருந்தது?" என்று கேட்டேன். "இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால், சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது" என்று கூறிச் சிரித்தார்.

அக்கா முதலில் எங்களைத் தாவரவியல் துறையின் பக்கம் அழைத்துச் சென்றாள். ஒரு மரத்தின் முன் நிறுத்தி, "இது என்ன மரம், சொல் தம்பி" என்றாள். எனக்குத் தெரியவில்லை. "பட்டையைப் பார். முதலைத் தோலைப் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கிறது. காம்பைப் பார். பெரும்பாலும் மும்மூன்று சிற்றிலைகள். இதுதான் செம்மரம். இதன் உறவான வேங்கைக்குச் சிற்றிலைகள் ஐந்து, ஏழு என்று இருக்கும்" என்றாள். அவள் மரத்தைப் படிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அடுத்து நிலவியல் துறை. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதையில் கீழே மிகப் பழைய கருங்கற்பாறையும், அதன் மேல் மணல் படிந்து இறுகிய பாறையும் தெளிவாகத் தெரியும் என்றும், அவ்விரண்டிற்கும் இடையே உள்ள ஒரு கோடு பல கோடி ஆண்டு இடைவெளியைக் குறிக்கிறது என்றும் அக்கா விளக்கினாள். எனக்கு வெறும் கல்லாகத் தெரிந்தது, அறிந்தவர்க்கு வரலாறாகத் தெரிந்தது.

இறுதியாகக் கீழைக்கலை ஆய்வு நிறுவனத்திற்குச் சென்றோம். அது பல்கலைக்கழகத்தை விட மூத்தது. திருமலை திருப்பதி தேவத்தானம் 1939இல் தொடங்கிய அந்நிறுவனம் 1956இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது. அங்கு ஓலைச்சுவடிகளை ஆராயும் பெரியவர் ஒருவரை அக்கா அறிந்திருந்தாள். அவர் தம்மிடம் இருந்த ஒரு தமிழ் ஓலையின் படத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னார். உற்று நோக்கினேன். ஓர் எழுத்திலும் புள்ளி இல்லை!

"ஐயா, எழுதியவர் புள்ளியை மறந்துவிட்டாரா?" என்றேன்.

"மறக்கவில்லை, தம்பி. எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை துளைபட்டுவிடும். அதனால் வைக்கமாட்டார்கள். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் கூட ஓலையில் வேறுபாடு தெரியாது. அந்த வேறுபாட்டை இன்று நாம் எழுதும் முறையில் அமைத்தவர் வீரமாமுனிவர். ஓலையில் 'எரி' என்று இருந்தால் நெருப்பும் ஆகலாம், ஏரியும் ஆகலாம். அருகில் கரை, மடை, நெல் என்று வந்தால் ஏரி என்று கொள்வோம்."

"அப்படியானால், எழுத்து மட்டும் தெரிந்தால் போதாதா?"

"போதாது. மொழி தெரிந்தவனுக்குத்தான் இல்லாத புள்ளி தெரியும்."

என் முகம் சிவந்தது. பாட்டியை அறியாதவர் என்றேனே! புள்ளியை விட்டெழுதுவது அக்காலத்தார் பலரிடம் இருந்த வழக்கம் என்று அப்பா பிறகு கூறினார்.

திரும்பும் இரயிலில் அப்பா தம் சட்டைப் பையிலிருந்து பாட்டியின் கடிதத்தை எடுத்து, ஒன்றும் பேசாமல் என்னிடம் தந்தார். சொல் சொல்லாகக் கூட்டிப் படித்தேன். சந்திரகிரியில் தொடங்கியவன் பாகாலாவில்தான் முடித்தேன். மழை பெய்தது, ஏரி நிரம்பியது, பசு கன்று ஈன்றது என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், "இதைப் பேரனே படித்து, அவன் கையால் பதில் எழுதட்டும்" என்று இருந்தது.

"இந்த வரியை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லையே, அப்பா?"

"ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வரி இருக்கிறது. நான் படித்துச் சொல்வதற்கு அவர் அதை எழுதவில்லையே!"

அன்றிரவே பாட்டிக்குப் பதில் எழுதினேன். பிழைகள் பல இருந்தன, அப்பா திருத்தவில்லை. கையொப்பம் பெறாத என் விண்ணப்பம் மேசைமேல் கிடந்தது. அதன் பின்பக்கத்தில்தான் அக்கடிதத்தை முதலில் எழுதிப் பார்த்தேன்.