மாமியின் மலை

நெடுந்தீவில் மலை இல்லை. மேடென்று விரல் நீட்டிக் காட்டவும் ஒன்று கிடையாது. சுண்ணாம்புக்கல் தரை, அதன்மேல் கொஞ்சம் மண், பனை, பற்றைக்காடு, முருகைக்கல்லை அடுக்கிய வேலிகள். எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் கடல். இந்தத் தரையில் எண்பது வயதைத் தாண்டி இருக்கிற என் பெரியமாமி வாய் திறந்தால் மலைக்கதைதான் சொல்லுவா. அவவுடைய மலை நமுனுகுல. பதுளைப் பட்டணத்துக்கு மேலே, 2,036 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. காலமை ஏழு மணிக்கு அது துலக்கமாய்த் தெரியும், ஒன்பதுக்குள் முகில் வந்து மூடிவிடும், அதற்குள் உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டுவிட வேண்டும் என்று நேற்று நடந்ததுபோலச் சொல்லுவா.

தீவகத்து ஆண்கள் தெற்கே போய்க் கடை வைப்பது பழைய வழக்கம். மழையை நம்பிய விதைப்பும் பனையும் கடலும் ஒரு குடும்பத்துக்குப் போதாத காலத்தில் புங்குடுதீவிலும் வேலணையிலும் நெடுந்தீவிலும் இருந்து பெடியன்கள் கொழும்புக்கும் காலிக்கும் மலைநாட்டுப் பட்டணங்களுக்கும் கடைச்சிப்பந்திகளாகப் போனார்கள். சிலர் முதலாளிகளானார்கள். மாமா பதுளைக் கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அப்பாவின் அக்காவான மாமி கலியாணம் முடித்த கையோடு அங்கே போனா. வள்ளம், பஸ், யாழ்தேவி, பிறகு கோட்டையில் மாறி உடரட்ட மெனிக்கே. அதற்கு முன் அவ பார்த்திருந்த மிகப்பெரிய ஏற்றம் பனைமரம்தான். ரயில் தெமோதரையில் தன் தண்டவாளத்தைத் தானே சுற்றிக்கொண்டு இறங்கியபோது பயத்தில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாவாம். அதுதான் அவர்கள் முதன்முதல் கைபிடித்தது என்று ஒருமுறை என்னிடம் சொல்லி வெட்கப்பட்டா.

தோட்டத்துச் சனத்துக்குச் சம்பள நாள் வரை கடன் கொடுக்கிற கடை அது. கொப்பியில் பெயர் எழுதுவது மாமி. மாமாவுக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. ஊரிலே படித்த ஐந்தாம் வகுப்பு அங்கேதான் தனக்கு உதவியது என்பதில் அவவுக்கு இன்றைக்கும் பெருமை.

1983 ஜூலையில் கொழும்பில் மூட்டிய தீ சில நாளில் பதுளைக்கும் வந்தது. தமிழ்க் கடைகள் எரிந்தன. மாமியும் மாமாவும் உடுத்த துணியோடு ஊர் திரும்பினார்கள். அந்தக் கொப்பியும் எரிந்துபோனது. இதற்கு மேல் மாமி சொல்லமாட்டா, நாங்களும் கேட்பதில்லை. மாமா அதன்பிறகு அதிக காலம் இருக்கவில்லை.

போன ஓகஸ்ட் விடுமுறையில் பிள்ளைகளோடு மாமியைப் பார்க்கப் புறப்பட்டபோது தொலைபேசியில் அவ சொன்னது ஒன்றுதான்: "முதல் அதுகளுக்கு மலையைக் காட்டிப்போட்டு வா மோனை. நான் கேட்கிறதுக்குப் பதில் சொல்ல வேணும்."

அதனால் கொழும்பிலிருந்து முதலில் பதுளைக்குப் போனோம். ஸ்பிரிங்வெலித் தோட்டத்துக்குள்ளால் ஏறினோம். தேயிலை முடிகிற இடம்வரை கொழுந்தெடுக்கிற பெண்களின் பேச்சு கூடவே வந்தது. அதற்கு மேலே காடு. உயரம் கூடக்கூட மரங்கள் குள்ளமாகி, முறுகி, பாசி போர்த்திக்கொண்டு நின்றன. உடம்பில் ஈரம் பட்டுக்கொண்டே இருந்தது. அது மழையில்லை, முகில்தான். மகன் நின்று கையை விரித்துப் பார்த்தான். வழி காட்டி வந்த தோட்டத்துப் பெரியவர், யாழ்ப்பாணத்துக் கடைகள் பசாரில் வரிசையாக இருந்ததைத் தன் தகப்பன் சொல்லக் கேட்டிருப்பதாகச் சொன்னார். கடை எரிந்தபோது லயத்தில் அடுப்பெரிக்க அரிசி இல்லாமல் போனதையும் சொன்னார். மலைநாட்டுச் சனமும் அந்த ஜூலையில் அடிபட்டது. எங்கள் வீடுகளில் அதைப் பற்றிப் போதுமான அளவு பேசியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

உச்சியில் நாங்கள் நின்ற நேரம் கொஞ்சம். முகில் விலகியபோது பதுளை கீழே கூரைகளாகத் தெரிந்தது. மகள் படம் எடுத்தாள், பெரியாச்சிக்குக் காட்ட.

யாழ்ப்பாணத்திலிருந்து தீவகத்துக்குப் போகிற பாதையை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், அதில் களங்கண்ணித் தடிகள், நாரைகள். அல்லைப்பிட்டி, வேலணை. ஊர்காவற்றுறைக்குத் திரும்புகிற இடத்தில் என் கணவர் பிள்ளைகளுக்குத் தனிநாயகம் அடிகளாரைப் பற்றிச் சொன்னார்: 1913இல் கரம்பனில் பிறந்தவர், தகப்பன் வழி நெடுந்தீவு, 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றவர். பிறகு நீண்ட தாம்போதி, புங்குடுதீவு. அங்கே பூட்டிய வீடுகளைப் பார்த்து மகள் கேட்டாள், ஏன் ஒருவரும் இல்லையென்று. 1990க்குப் பிறகு இடம்பெயர்ந்த சனம். பாதிப்பேர் கொழும்பில், கனடாவில், பிரான்ஸில், சுவிஸில். கோயில் திருவிழாவுக்கு வந்து வெள்ளையடித்துவிட்டுப் போவார்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு கூட்டம் நிற்கும். நயினாதீவுக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம்: நாகபூசணி அம்மனுக்கு அருச்சனைத் தட்டோடு எங்கள் சனமும், நாகதீப விகாரைக்கு வெள்ளை உடுத்து வந்த தென்னிலங்கைச் சனமும் ஒரே வள்ளத்தில் ஏறுவார்கள். அது கிட்ட, கால்மணி நேரத்தில் கரை. மற்றக் கூட்டம் நெடுந்தீவுக்கு. அதற்கு ஒரு மணித்தியாலம் வேண்டும், சோளகக் காற்று என்றால் இன்னும் கூட.

அன்றைக்குச் சோளகம் பலமாகத்தான் இருந்தது. விடுமுறைக் காலமானபடியால் துறையில் சுற்றுலாச் சனம் நிறைந்து நின்றது. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், ஒரு பெட்டி கோழிக்குஞ்சு எல்லாம் ஏறின. கடைசியில் ஒரு வயதான மனுசி, கையில் கிளினிக் கொப்பியும் மருந்துப் பையும். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்புகிறா. இருக்கிறதுக்கு இடமில்லை. அலை அடித்து உள்ளே தெறிக்கிற பக்கத்தில் தரையில் குந்தினா. பக்கத்தில் வாங்கிலிருந்த இளைஞர்கள் கெட்டவர்கள் இல்லை. கமராவில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவவைக் காணவில்லை. என் கணவர் எழும்பி அவவை இருத்தினார். பெரியமாமியும் இப்படித்தான் போய் வருவா என்பது அப்போதுதான் பிள்ளைகளுக்கு விளங்கியது. மகன் கடல் முழுக்க ஒன்றும் பேசவில்லை.

இதே கடலில்தான் 1985 மே 15 அன்று குமுதினிப் படகை மறித்து, பயணம் செய்த சனத்தை வெட்டிக் கொன்றார்கள். பெண்கள், முதியவர்கள், குழந்தைகள். மாவலித் துறையில் இறங்கியதும் அவர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் கூடி விளக்கேற்றும். பதுளை எரிந்ததைப் பற்றிச் சொல்லாத மாமி குமுதினியைப் பற்றி ஒரே ஒரு வசனம் சொல்லியிருக்கிறா: "பேந்தும் அந்தப் படகிலதான் மோனை போனனாங்கள், வேற படகு எங்க இருந்தது?" திருத்திய குமுதினி அதற்குப் பிறகும் பல வருசம் அந்தச் சனத்தைச் சுமந்தது. பிறகு வடதாரகையும் நெடுந்தாரகையும் தனியார் படகுகளும் ஓடத் தொடங்கின. ஆனாலும் காற்று எழும்பினால் தீவு தனித்துப் போகும். நெஞ்சுநோ வந்தவரையும் பிள்ளைப்பேற்றுக்காரியையும் கடல் அடங்கும்வரை வைத்திருக்க முடியாது. கடற்படையின் படகைக் கேட்டு ஓடுவார்கள்.

மாமி வாசலில் நின்றா. முந்திப் பார்த்ததைவிடச் சின்னதாகிப் போயிருந்தா. பிள்ளைகளின் முகத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்தா. ஒரு கண்ணில் வெண்புரை எடுத்தாயிற்று, மற்றது பாக்கி. "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்" என்றவ தேத்தண்ணி வரும்வரை பொறுக்கவில்லை.

"மலை துலக்கமாய் இருந்ததோ?"

மகள் படத்தைக் காட்டினாள். மாமி கைத்தொலைபேசியை நல்ல கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தா. "இதில கடைத்தெரு எந்தப் பக்கம்?" மகளுக்குத் தெரியவில்லை. மாமி விரலை வைத்துத் தேடினா. விரல் பட்டுப் படம் பெருத்தது, நகர்ந்தது. முத்தியங்கனை விகாரை இருக்கிற பக்கத்தைப் பிடித்துவிட்டு, அங்கிருந்து இடப்பக்கம் வந்து நின்றா. "இதுக்குள்ளதான்." பிறகு அட்டை கடித்ததோ, குளிருக்குக் கம்பளி போட்டதோ, தோட்டத்துச் சனம் இப்ப எப்படி இருக்குது, சம்பளம் எவ்வளவு என்று கேட்டா. கொப்பியில் பெயர் எழுதிய ஆட்களை ஒவ்வொருவராக நினைவுபடுத்தினா. வராத பாக்கியைப் பற்றி அவவுக்குக் கவலையில்லை. அந்தக் குடும்பங்கள் என்னவானதோ என்பதுதான் கேள்வி.

பின்னேரம் லான்ட்மாஸ்ரர் பிடித்துத் தீவைச் சுற்றினோம். மாமி தானும் வருவேன் என்று ஏறிவிட்டா, தடுக்க முடியவில்லை. வெட்டையில் குதிரைகள் நின்றன. போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை என்பார்கள். ஒல்லாந்தர் லாயம் கட்டி வளர்த்தார்கள். ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில் நோலன் என்ற லெப்டினன்ட் தீவை நிர்வகித்து இந்த வளர்ப்பை நடத்தினார். அவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் காட்டு மிருகமாகி நின்றுவிட்டன. லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. 2015இல் இந்தப் பகுதியைத் தேசிய பூங்காவாக அறிவித்தது நல்ல வேலை. ஆனால் கோடையில் கேணிகள் வற்றும்போது விலா எலும்பு தெரிகிற இந்தக் குதிரைகளுக்கு வேண்டியது தண்ணீர். சனத்துக்கும் அதேதான். சாராப்பிட்டிப் பக்கம் நல்ல தண்ணீர்க் கிணறுகள் உண்டு. மற்ற இடத்தில் பெரும்பாலும் உவர். குடத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறவர்களை வழியெல்லாம் பார்த்தோம்.

பெருக்கமரத்தின் பொந்துக்குள் பிள்ளைகள் நுழைந்து வந்தார்கள். ஆபிரிக்கா இதன் தாயகம். அராபிய வணிகர் கொண்டுவந்தது என்று சொல்வார்கள். ஒல்லாந்தர் காலப் புறாக்கூட்டைப் பார்த்தோம். வெடியரசன் கோட்டை என்று ஊர் சொல்கிற இடத்தில் முருகைக்கல் வட்டங்கள் இருக்கின்றன. தொல்லியலாளர் அவற்றைப் பௌத்த தாதுகோபங்களின் அடித்தளம் என்கிறார்கள், ஊருக்கு அது தன் பழைய அரசனின் வீடு. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

பாறையில் பெரிய பாதம் பதிந்ததுபோல ஓரிடம் உண்டு. ஆதாமின் பாதம் என்பார்கள். அடுத்த பாதத்தை 2,243 மீற்றர் உயரத்தில் சிவனொளிபாத மலையில் வைத்தாராம். மாமி லான்ட்மாஸ்ரரில் இருந்தபடியே மகனிடம் சொன்னா: "பாத்தியோ, அவரும் இங்கயிருந்துதான் மலைக்குப் போனவர்." சொல்லிவிட்டுச் சிரித்தா. கடைத்தெருவுக்குப் போன மாமாவையும் உடரட்ட மெனிக்கேயையும் அந்த ஒரு சிரிப்பில் நான் கண்டேன். திரும்பிப் போக விருப்பமா என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன். "பாக்க விருப்பம். இருக்க இஞ்சதான்" என்றா.

இரவு ஒடியற்கூழ். மாமி சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பெண் காய்ச்சினா. அந்தப் பெண்தான் மாமிக்கு மருந்து எடுத்துக் கொடுக்கிறதும், கிளினிக் நாளில் கூடப் போகிறதும். மாமியின் பிள்ளைகள் வெளிநாட்டில். காசு தவறாமல் வருகிறது. காசு படகில் இடம் பிடித்துத் தராது. அடுத்த கண் ஒப்பரேஷனுக்கு நாள் தந்திருக்கிறார்கள். அன்றைக்குக் கடல் எப்படி இருக்குமோ, படகில் ஆட்கள் எவ்வளவோ என்பதுதான் மாமியின் யோசனை. முன்பு ஒரு நாள் சனம் கூடிப் படகில் ஏறமுடியாமல் துறையிலிருந்து திரும்பி வந்திருக்கிறா. அந்த நாள் போனால் அடுத்த திகதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இந்தத் தீவில் ஏறத்தாழ 4,000 பேர் வாழ்கிறார்கள். இளம் ஆட்கள் படிப்புக்கும் வேலைக்கும் பட்டணம் போக, நிற்பவர்களில் முதியவர் அதிகம். நெடுந்தீவுக்குப் போகிறவர்களைப் போகவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். குதிரையையும் பெருக்கமரத்தையும் பாருங்கள், ஊராரின் வாகனத்தைப் பிடியுங்கள், ஊர்க்கடையில் சாப்பிடுங்கள். ஆனால் விடுமுறை நாளில் கூட்டமாகப் போகிறவர்கள் தங்களுக்குத் தனிப்படகு பேசிக்கொள்ளுங்கள். சனம் போகிற படகில் ஏறினால், கையில் கிளினிக் கொப்பியோடு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்து, முதலில் அவர்களை இருத்துங்கள்.