ஏர்பேட்டுப் பள்ளத்தில் ஒரு டர்போ

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்தி போகும் வழியில், வெங்கடகிரிக்குப் பிரியும் இடத்தில் இருக்கிறது ஏர்பேடு. ஐஐடியும் ஐசர் அறிவியல் கல்வி நிறுவனமும் வந்த பிறகு வெளி மாநிலத்தாருக்கும் பெயர் தெரிந்த ஊராகிவிட்டது. அதற்கு முன் இதை நன்றாக அறிந்தவர்கள் மலையாள சுவாமிகளின் வியாசாசிரமத்துக்கு வருகிறவர்களும் லாரிக்காரர்களும்தான். நான் போனது லாரிக்காரர்களின் ஏர்பேட்டுக்கு. சாலையோரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை. உள்ளே ஆள் நின்றபடி வேலை செய்யும் ஆழத்துக்குச் சிமென்ட் பூசிய பள்ளம். பள்ளத்தின் சுவர் எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துக் கிடக்கிறது.

அன்று அந்தப் பள்ளத்தின் மேல் நின்றது லாரி அல்ல, சிவப்பு நிற போலோ ஜிடி டிஎஸ்ஐ. திருப்பதியில் வேலை பார்க்கும் நண்பருடையது. தன் வண்டிக்குத் தானே ஆயில் மாற்றிக்கொள்ளும் பிடிவாதக்காரர். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரையில் ஒரு சொட்டு சிந்தினாலும் சங்கத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் இங்கே வருகிறார். பள்ளம் மேஸ்திரியுடையது, வேலை இவருடையது என்று ஏற்பாடு. மேஸ்திரி நகரிப் பக்கத்துக்காரர். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

எனக்கு இது ஸ்போர்ட்ஸ் கார்தான். இதைப் போய் அப்படிச் சொல்கிறாயா என்று சிலர் சிரிக்கலாம். பிஎம்டபிள்யூ 2002 டர்போவும் போர்ஷே 911 டர்போவும் 1970களிலேயே ஐரோப்பியச் சாலைகளில் ஓடின. நம் ஊர்ச் சம்பளக்காரர் கைக்கு டர்போ பெட்ரோல் கார் எட்டியது 2010 முதல்தான். முதலில் ஃபியட் லீனியா டி-ஜெட், 2013இல் இந்த போலோ. எஞ்சின் 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன். சிரிப்பவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

மேஸ்திரிக்கு டர்போ புதிதல்ல. டீசல் லாரிகளில் அதைக் கழற்றி மாட்டியே கை பழகியவர். நம் பக்கத்திலேயே தயாராகும் பொருள்தான் அது: 1982இல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம் சென்னைக்குத் தெற்கே பையனூரிலும் ராணிப்பேட்டைப் பக்கம் புலிவலத்திலும் டர்போ செய்கிறது. அலமாரியிலிருந்து செத்துப்போன ஒரு லாரி டர்போவை எடுத்து என் கையில் கொடுத்தார் மேஸ்திரி. நல்ல கனம். ஒரு பக்கம் எஞ்சின் கக்கும் புகை சுழற்றும் சக்கரம், மறு பக்கம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் சக்கரம். இரண்டையும் இணைப்பது விரல் பருமன்கூட இல்லாத ஒரு தண்டு. தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டச் சொன்னார்.

“இப்படி லேசா ஆடலாம் சார், தப்பில்ல. முன்னும் பின்னும் போகக் கூடாது. இது போகுது பாருங்க.”

போனது. காற்றுச் சக்கரத்தின் இறக்கைகள் உறையில் உரசி, எலி கொறித்த ஓலைபோல் ஓரம் பிய்ந்திருந்தன. காரணம் எண்ணெய் வரும் குழாயில் இருந்தது. அதன் வாயைச் சுரண்டிக் காட்டினார். உள்ளே எண்ணெய் வெந்து கட்டியான கரி.

டர்போவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்று சுற்றினாலே கதறுகிறது என்போம். டர்போவின் தண்டு லட்சம் சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும். சின்ன பெட்ரோல் டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தொடும். அந்த வேகத்தில் உலோகத்தோடு உலோகம் பட்டால் தீர்ந்தது. படாமல் தடுப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான். தண்டு அதில் மிதக்கிறது. பெட்ரோல் காரில் டர்போ சக்கரத்தில் அடிக்கும் புகையின் சூடு 900 டிகிரியை எட்டும். வேகமாக வந்து நின்றதும் சாவியைத் திருகி அணைத்தால் எண்ணெய் பம்ப் நின்றுவிடும், சூடு நிற்காது. தண்டைச் சுற்றித் தேங்கிய எண்ணெய் அங்கேயே வேகும். அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏசி போட்டபடி கீழ் கியரில் ஏறிவிட்டு, இடம் கிடைத்ததும் வண்டியை அணைத்துவிட்டு ஓடுகிறவர்களைப் பற்றி மேஸ்திரிக்கு நிறையக் குறை உண்டு. “சாமி எங்கயும் போயிட மாட்டாரு. ஒரு நிமிஷம் ஐட்லிங்ல வுட்டுட்டு நிறுத்துங்க.” இப்போதைய கார்கள் பலவற்றில் எஞ்சின் நின்ற பிறகும் தண்ணீரை ஓட்டி டர்போவைக் குளிர்விக்கும் மின்பம்ப் இருக்கிறது. அதைச் சொன்னேன். அந்த பம்ப் கெட்டால் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார்.

நண்பர் வேலையைத் தொடங்கினார். எஞ்சின் மிதமான சூட்டில் இருந்தது. மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தார். பள்ளத்தில் இறங்கி அடிக் கவரைக் கழற்றி, வடிகால் போல்ட்டை ஸ்பேனரால் இளக்கினார். கடைசி மரைகளைக் கையால் திருகும்போது போல்ட்டை உள்பக்கம் அழுத்தியே பிடித்திருந்தார். அப்போதுதான் எண்ணெய் வழியாது. பிறகு சட்டென்று இழுத்தார். கன்னங்கரேலென்று கயிறாக விழுந்து நூலாகியது, பிறகு சொட்டு. போல்ட்டை எடுத்து மாட்டப் போனவரை மேஸ்திரி மேலிருந்தே தடுத்தார்.

“இன்னும் சொட்டுது சார். நிக்கட்டும்.”

இந்தக் காத்திருப்பில்தான் மேஸ்திரி தன் வேலையைச் செய்தார். வடிந்த எண்ணெயில் விரலை விட்டு, கட்டைவிரலோடு தேய்த்து, வெயிலில் நீட்டிப் பார்த்தார். மினுமினுப்பு இருந்தால் உள்ளே எங்கோ பேரிங் தேய்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் வாடை வருகிறதா என்று முகர்ந்தார். பழைய ஃபில்டரை ஆக்சா பிளேடால் அறுத்துப் பிரித்து, காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். எதுவும் இல்லை. பனியன் வேஸ்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

புதிய ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் ஒரு விரல் எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்கினார் நண்பர். வடிகாலுக்குப் புது போல்ட், கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கம். எண்ணெய் 5டபிள்யூ-40, டின்னில் ஃபோக்ஸ்வேகனின் 502 00 தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்கியது. மூலையில் லாரிகளுக்கான 15டபிள்யூ-40 டிரம் நின்றது. இந்த ஊர் வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தானே நல்லது என்று பலர் அதைக் காருக்கும் கேட்பார்களாம். சூடேறிய பிறகு இரண்டும் ஒரே 40தான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஊசித் துளைகள் வழியே டர்போவுக்கு முந்திப் போய்ச் சேருவது இளகிய எண்ணெய்.

எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும், ஆயில் பிரஷர் விளக்கு அணையும் வரை நண்பர் ஆக்சிலரேட்டரைத் தொடவே இல்லை. காலி ஃபில்டர் நிறைந்து எண்ணெய் டர்போவை அடையும் முன் முறுக்கினால் அந்தத் தண்டு வறண்டு சுற்றும். பிறகு அணைத்து, சற்றுப் பொறுத்து, டிப்ஸ்டிக்கில் அளவு பார்த்தார். கூடுதலாக ஊற்றினாலும் கெடுதிதான். நுரைக்கும், காற்றுக் குழாய் வழியே டர்போவுக்குள்ளும் போகும். கம்பெனி சொல்வது 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. நண்பர் 7,500க்கே மாற்றுகிறார். மேஸ்திரியும் அதையே சரி என்கிறார், நானும்தான்.

வடித்த எண்ணெய் கேனில் போய்ச் சேர்ந்தது. சட்டப்படி அது அபாயக் கழிவு. பதிவுபெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம்தான் போக வேண்டும். 2024 ஏப்ரல் முதல் எண்ணெய் தயாரிப்பாளர்களுக்கே அதில் பொறுப்பு வைத்திருக்கிறது மத்திய அரசு. நடைமுறையில் சாலையோரப் பட்டறைகளின் கழிவு எண்ணெய் சென்டரிங் பலகைக்கும் லாரி பட்டைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டிலேயே ஆயில் மாற்றும் ஆர்வலர்கள் பலர் செய்வது இதைவிட மோசம். சாக்கடையில் கொட்டுகிறார்கள். மற்ற எல்லா வேலையையும் கையேட்டைப் பார்த்துச் செய்துவிடலாம். கழிவைக் கொடுக்க இடம் தெரியாதவர் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது என்பது என் கருத்து.

இன்னொன்று. நண்பர் கையுறை போட்டிருந்தார். மேஸ்திரியும் கூட இருந்த பையனும் போடவில்லை. எஞ்சினில் ஓடி முடித்த எண்ணெயில் எரிபொருள் எரிந்த நச்சுகள் சேர்ந்திருக்கும். நாள்தோறும் தோலில் பட்டால் புற்றுநோய் வரை போகலாம். எண்ணெய் டின்னுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம். அந்த விரல்களுக்குக் கொடுக்கும் கூலியில்தான் பேரம் பேசுகிறோம். அடுத்த முறை எந்தப் பட்டறைக்கு ஆயில் மாற்றப் போனாலும் எண்ணெயோடு ஒரு பெட்டி நைட்ரைல் கையுறையும் வாங்கிப் போங்கள். மீதியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.