தூரம் மாறாது பாஸ்... நேரம்தான் மாறும்!

ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து லண்டனுக்கு எவ்வளவு தூரம்? சுமார் 14,500 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும்னு வச்சு வகுத்தா, 16 மணி நேரம் சொச்சம். கணக்கு முடிஞ்சுதுன்னு பெட்டியைக் கட்டிடாதீங்க. வானத்துல கணக்கு வாத்தியார் வேற ஆளு!

2018 மார்ச்சில் குவான்டாஸ் இந்த ரூட்டில் எங்கும் நிற்காத சர்வீஸை ஆரம்பித்தது. முதல் ட்ரிப்புக்கு ஆனது சுமார் 17 மணி நேரம்.

"அவ்ளோ நேரமா?"ன்னு மலைக்காதீங்க. 1947 டிசம்பரில் இதே கம்பெனி சிட்னியிலிருந்து லண்டனுக்கு விமானம் விட்டப்போ, பயணம் நாலு நாள்! டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலினு நம்ம டவுன் பஸ் மாதிரி நின்னு நின்னு போச்சு.

அதுக்கும் முன்னாடி நடந்ததுதான் நிஜமான த்ரில். உலகப் போரில் 1942-ல் சிங்கப்பூர் ஜப்பான் வசமாக, பழைய வழி அடைபட்டது. 1943-லிருந்து பெர்த்தில் கிளம்பி, இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரி வரைக்கும் கேட்டலினா கடல் விமானங்கள் பறந்தன. சுமார் 5,600 கி.மீ. இன்றைய ஜெட்டுக்கு ஏழு மணி நேர வேலை. அன்றைக்கு 27 மணி நேரத்துக்கும் மேல்! எதிரி கேட்டுவிடக் கூடாதுன்னு ரேடியோவில் மூச்சு விடக் கூடாது. எரிபொருள் பாரமே அதிகம் என்பதால், அதிகபட்சம் மூணே மூணு பயணிகள். ஒரே பயணத்தில் சூரியன் ரெண்டு தடவை உதிப்பதைப் பார்க்கலாம். அதனால் இதுக்கு 'டபுள் சன்ரைஸ்' என்றே பேர்.

இப்போ டெக்னாலஜி வளர்ந்தாச்சு, இனி தொல்லையே இல்லையா? 2024 ஏப்ரலில் மத்தியக் கிழக்கில் பதற்றம். அந்த வான்வெளியைத் தவிர்த்துச் சுற்றிப் போக எரிபொருள் போதாமல், பெர்த் - லண்டன் விமானம் கொஞ்ச காலம் சிங்கப்பூரில் இறங்கி நிரப்பிக்கொண்டு போனது. ஆனா லண்டனிலிருந்து திரும்பும்போது ஸ்டாப்பே தேவைப்படலை! காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று. போகும்போது முகத்தில் மோதும். வரும்போது முதுகில் கைவச்சுத் தள்ளும்.

கடிகாரமும் கலாய்க்கும். குளிர்காலத்தில் லண்டன், பெர்த்தைவிட 8 மணி நேரம் பின்னால். மாலை 7-க்குக் கிளம்பி 17 மணி நேரம் பறந்தா, லண்டனில் விடியற்காலை 4 மணி. டிக்கெட்டைப் பார்த்தா ஒன்பதே மணி நேரம் மாதிரி தெரியும். உங்க வயிறு மட்டும், "மதியச் சாப்பாடு எங்கே?"ன்னு கேட்கும்!

நாளைக்கே மேல்படிப்புக்கு ஃபிளைட் ஏறப்போறீங்களா? கிலோமீட்டரை விடுங்க, மொத்தப் பயண நேரத்தைப் பாருங்க. 'டைரக்ட்'னு போட்டிருந்தா உடனே குஷியாகிடாதீங்க. ஒரே ஃபிளைட் நம்பர்னுதான் அதுக்கு அர்த்தம், நடுவில் நிற்கலாம். 'நான்-ஸ்டாப்'னா மட்டும்தான் ஒரே தாவு. லேண்ட் ஆகிற அன்னிக்கே காலேஜில் இன்டர்வியூன்னு மட்டும் டேட் வாங்கிடாதீங்க!